வெயிலைத் துரத்திய வண்டி

காலையில் சமையல் பாதியில் இருக்கும்போது கைப்பேசி கூவும். உடனே அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவேன். அங்கே நாலு சக்கரம் பூட்டிய இரும்பு வண்டி ஒன்று எனக்காகக் காத்திருக்கும். அதன்மேல் கறுப்புப் பைகளில் தக்காளிச் செடிகள்.

வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, குனிந்து, முக்கி முனகி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து குளியலறைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு பாயை விரித்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு வெயில் அந்நேரம் அங்கே விழும். கொஞ்ச நேரத்தில் அது நகர்ந்துவிடும். மறுபடி கைப்பேசி கூவும். மறுபடி ஓடுவேன்.

ஓய்வு பெற்றதும் காசிக்குப் போன டீச்சர்கள் உண்டு. சீரியல் பார்க்க உட்கார்ந்தவர்கள் உண்டு. நான் தக்காளிக்கு வெயில் காட்டப் போனேன்.

பள்ளிக்கூடத்துக் கதைகளையே எழுதுகிறீர்களே, வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம் அம்மா. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தக்காளி ஊரில்

எங்கள் வீடு மாரண்டஹள்ளியை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தக்காளி விளைவிப்பதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. பாலக்கோடு சாலையில் போனால் இரண்டு பக்கமும் தக்காளிதான். லாரிகளில் கிரேட் கிரேட்டாகப் போகும். விலை விழுந்துவிட்டால் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில், முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், ரசத்துக்கு ஒரு தக்காளி விளைவிக்க முடியாமல் திண்டாடினேன்.

காரணம் நிழல். கிழக்கே, என் ஓரகத்தி மாதம்மா அக்காவின் கொல்லையில் ஒரு பெரிய மாமரம். காலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும். மேற்கே எங்கள் வீடு. மாலை வெயிலை அது மறைத்துவிடும். மாடி கட்டினால்தான் ஆயிற்று என்று என் வீட்டுக்காரரை நச்சரித்துக் கட்டவைத்தவள் நானேதான். ஆனால் கோபமெல்லாம் மாமரத்தின் மேல்தான்.

முதலில் தரையில் நட்டேன். செடிகள் வெயிலைத் தேடி ஒல்லி ஒல்லியாக வளர்ந்தன. ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லாத பிள்ளைகள் மாதிரி நின்றன. பூத்தன, பூவெல்லாம் உதிர்ந்தது.

பிறகு மதில் சுவருக்கு வெள்ளையடித்தேன், வெளிச்சம் பட்டுத் தெறிக்குமென்று. பல்லிகள் எடுப்பாகத் தெரிந்தன. அடுத்து, பழைய பீரோவின் கண்ணாடியைக் கழற்றி வெயில் விழுமிடத்தில் சாய்த்து வைத்தேன். அந்த வெளிச்சம் செடிமேல் விழாமல், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகத்தில் போய் விழுந்தது. அவர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு விளையாட்டுச் செய்திக்குப் போய்விட்டார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச வேண்டியதையெல்லாம் வேலைக்காலத்திலேயே பேசி முடித்துவிட்டார்.

கடைசியாகத்தான் வண்டி. வெல்டிங் பட்டறைக்காரர், கேஸ் சிலிண்டர் வைக்கவா என்று கேட்டார். தக்காளிக்கு என்றேன். சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் இன்னும் பெரிதாக வேண்டுமே என்று அக்கறையாகச் சொன்னார். குளியலறை வரைக்கும்தான் போகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எந்த நேரத்துக்கு எங்கே வெயில் என்று சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். அதன்படி கைப்பேசியில் அலாரம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், வெயில் என் கோட்டை மதிக்காமல் வேறெங்கோ விழுந்துகொண்டிருந்தது. சூரியன் தெற்கேயும் வடக்கேயும் நகரும் என்று நானே எத்தனையோ வகுப்புகளில் பந்தை வைத்துக் காட்டியிருக்கிறேன்.

அந்த வண்டியால் விளைந்தது கோலிக்குண்டு அளவில் ஒரு கைப்பிடித் தக்காளி. ஓசூரிலிருந்து வந்த மகள், குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

பொம்மிடியில் ஒரு பூசணி

எனக்குச் செடி வராது என்பது அரசுக்கே தெரிந்த விஷயம். பொம்மிடிப் பக்கம் வேலை பார்த்தபோது, தலைமையாசிரியர் பள்ளித் தோட்டத்தை என் பொறுப்பில் விட்டார். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கத்திரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் போட்டோம். எதுவும் தலைகாட்டவில்லை. யாரோ துப்பிய விதையிலிருந்து ஒரு பூசணிக்கொடி மட்டும் முளைத்துக் கழிவறைக் கூரைமேல் ஏறிவிட்டது. குடம் மாதிரி காய்கள். சத்துணவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆயாவிடம் சொன்னேன். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ரயில் பாதையோரம் இருந்த பள்ளி. ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களெல்லாம் அந்தப் பூசணியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நான் அந்தப் பக்கம் முகத்தைக் காட்டமாட்டேன்.

இவ்வளவு அனுபவம் இருந்தும் ஓய்வுக்குப் பிறகு அந்தத் தக்காளியை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று கேட்டால், அதற்கும் மாமரத்துக்கு அந்தப்பக்கம்தான் போக வேண்டும்.

மதிலுக்கு அந்தப்பக்கம்

மாதம்மா அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி வந்தபோது எனக்குக் களி கிண்டக்கூடத் தெரியாது. டீச்சரம்மா, டீச்சரம்மா என்று கேலி செய்துகொண்டே எல்லா வேலையையும் அவரே செய்துவிடுவார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது டிபன் பாக்ஸைப் பின்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடி வருவார்.

என் மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர், குடும்பத்தார் மட்டும் வாங்க என்று கூப்பிட்டார். எல்லோரும் மேடையில் ஏறி நின்றோம். அக்கா அப்போது சமையல் பக்கம் யாருக்கோ வெந்நீர் கேட்கப் போயிருந்தார். ஆல்பம் வந்தது. பெரிய பக்கத்தில் எல்லோரும் இருந்தார்கள், அவரைத் தவிர. ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்தார். காபி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு பேச்சு நின்றது.

அவரே வந்து கேட்பார் என்று நான் இருந்தேன். நான் வந்து சொல்வேன் என்று அவர் இருந்திருப்பார். அண்ணன் தம்பி இருவரும் வழக்கம்போல டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மட்டும் வருஷக்கணக்கில், துணி காயப்போடும்போது எதிரெதிரே பார்த்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மாமரத்தில் ஒரு கிளையை வெட்டச் சொன்னால் என் தக்காளிக்கு வழி பிறந்திருக்கும். அதற்கு மாதம்மா அக்காவிடம் பேச வேண்டும். பேசுவதற்குப் பதிலாகத்தான் வெள்ளையடித்தேன், கண்ணாடி வைத்தேன், வண்டி செய்தேன். இதில் ஒரு நாடகமும் இருந்தது. அவருடைய சமையலறை ஜன்னலிலிருந்து என் கொல்லை தெரியும். உன் மரத்தால் நான் படும் பாட்டைப் பார் என்று அவருக்குக் காட்டுவதற்காகவே, தேவைக்கு மேல் குனிந்து, தேவைக்கு மேல் முனகி வண்டியைத் தள்ளுவேன். ஜன்னலில் நிழலாடினால் இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் நிற்பேன்.

நான் கைவைக்காத மூலை

ஒரு மழைக்காலத்தில் தக்காளிகள் ஒட்டுமொத்தமாகக் கருகிப்போயின. வெறுத்துப்போய் வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் மூலையைக் கவனித்தேன். அழுகிவிட்டதென்று எப்போதோ வீசிய சேப்பங்கிழங்கு முளைத்து, யானைக்காது மாதிரி இலை விரித்து நின்றது. தண்ணீர்த் துளி அதன்மேல் உருண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் புதினா. அதுவும் இலை ஆய்ந்துவிட்டு எறிந்த காம்புதான். தோட்டத்தில் நான் கைவைக்காத ஒரே மூலை அது. அதுதான் செழித்திருந்தது.

இந்த அவமானத்தை ஜீரணிக்கக் கொஞ்ச நாளாயிற்று. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். நிழல் கிடைத்திருக்கிறது, நிழலுக்கு எது வருமோ அதைப் போடுவோம். முளைவிட்ட இஞ்சியைப் புதைத்தேன். வல்லாரை கொண்டுவந்து வைத்தேன். சேம்பை இன்னும் இரண்டு வரிசை நட்டேன். நட்டுவிட்டு, பழைய அனுபவத்தால், தள்ளியே நின்றேன்.

வந்தது. இஞ்சி இடுப்புயரம் வளர்ந்தது. வல்லாரை தரையே தெரியாமல் படர்ந்தது. அதிகாலையில் மாமரத்தின் கீழ்க் காற்று அதன்மேல் ஓடும்போது பச்சை வாசனை சமையலறை வரைக்கும் வரும். காலை நேரத்தில் ஒரு மணை போட்டு அங்கே உட்கார ஆரம்பித்தேன். மாமரத்தின் மேல் எனக்கிருந்த கோபம் மெல்லப் போயே போய்விட்டது. அது இல்லாவிட்டால் இந்தத் தோட்டம் இல்லை என்று புரிந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் மரத்தை வெட்டினார்கள்.

ரம்பம் வந்த நாள்

என் வீட்டுக்காரர் முந்தின நாளே சொன்னார். நாளைக்கு அந்த மரத்தை எடுக்கிறார்களாம், கரையானாம் என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

நான் கரையானை நம்பவில்லை. கணக்கு டீச்சர் மூளை விடை கண்டுபிடித்துவிட்டது. இத்தனை வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனம் இளகிவிட்டது. நேரே வந்து பேசக் கூச்சம். ஆகையால் எனக்காக மரத்தையே எடுக்கிறார். கரையான் என்பது வெளியே சொல்லும் சாக்கு.

புரட்டாசி மாதம். இயந்திர ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். பொழுது சாயும்போது கிழக்கே பெரிதாக வானம் திறந்து கிடந்தது. வெட்டிய மரத்தின் அடியில் மாதம்மா அக்கா நின்றுகொண்டு எங்கள் பக்கமே பார்த்தார். நான் ஜன்னலோரம் நின்று பருப்புச் சட்டியில் கண்ணீர் விட்டேன்.

அடுத்த வாரமே சேம்பு இலைகள் ஓரம் கருகின. இஞ்சி வெளுத்துப்போயிற்று. புரட்டாசி வெயில் சும்மா இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வல்லாரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. யாரிடம் போய்ச் சொல்வது? எனக்காக ஒருத்தர் ஊர் மெச்சிய மரத்தை வெட்டியிருக்கிறார். வேண்டியதில்லை அக்கா, நான் நிழலுக்குப் பழகிவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

நன்றி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வாடிய சேம்பில் கொஞ்சம் முன்கூட்டியே தோண்டினேன். கிழங்குகள் சிறியவைதான். கழுவி, ஒரு தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, வருஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டு வாசல் கேட்டைத் திறந்தேன்.

அந்தச் சமையலறை

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மதிலுக்கு மேலாகப் பார்த்தபோது இவ்வளவு நரை தெரியவில்லை. வா என்றார். உட்காரப் பலகையை நகர்த்தினார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "எனக்காக அவ்ளோ பெரிய மரத்த எடுத்துட்டீங்களேக்கா."

"உனக்காகவா?"

"தக்காளிக்கு வெயில் இல்லாம நான் படற பாட்டப் பாத்துட்டுத்தான..."

"நீ தக்காளியா போட்ட?" என்று கேட்டார். அதில் கேலியே இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மரத்துக்குள் முழுக்கக் கரையான் அரித்துப் பொக்கையாகிவிட்டதாம். அடுத்த காற்றுக்கு அவர்கள் ஓட்டின்மேலோ எங்கள் மாடிமேலோ விழுந்திருக்குமாம். உன் வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பினோமே என்றார். தூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகம் எப்படியிருந்ததோ தெரியாது. இத்தனை வருஷ நாடகமும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியதுதானா? வண்டி தள்ளியதையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாக்காம என்ன, தெனம் பாப்பன். நடக்க முடியாம வண்டியப் புடிச்சிக்கிட்டு நடக்கறயேன்னு மனசே கேக்காது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பி, அந்த மாதிரி என்று நினைத்திருக்கிறார். கைப்பேசி கூவும்போதெல்லாம் நான் வந்து நடப்பதைப் பார்த்து, வேளாவேளைக்கு நடக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தானே முடிவு செய்துகொண்டிருக்கிறார். அந்த முனகலும், இடுப்பில் கைவைத்து நின்றதும் அவரை வேறு விதமாக நினைக்க விடவில்லை.

மேலே செடி இருந்ததே என்றேன். மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வைத்திருப்பாய் என நினைத்தேன் என்றார்.

ஒருமுறை என் வீட்டுக்காரரை நிறுத்தி, அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். அந்த மகானும், அப்படியேதான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டாராம்.

"அப்புறம் வண்டியும் காணோம். படுத்துட்டயோன்னு நெனச்சன். வந்து பாக்கலாம்னு உங்கூட்டுக் கேட்டு வரைக்கும் வந்தன்" என்றார்.

"ஏங்க்கா உள்ள வரல?"

"உள்ள உன் சத்தம் கேட்டுது. யாரையோ புடிச்சித் திட்டிக்கிட்டு இருந்த. தெம்பாத்தான் இருக்கறயேன்னு திரும்பி வந்துட்டன்."

கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே அவர் இதைச் சொன்னார். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த ஜன்னலில் ஒரு பகையாளி நிற்கிறாள் என்று நினைத்து நினைத்து நான் முதுகை வளைத்திருக்கிறேன். அங்கே நின்றவர் என் காலைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அவர் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அதுவே பெரிய உதவியாக இருந்தது.

போட்டோவைப் பற்றி அன்றைக்கு நாங்கள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

கொல்லையில்

மறுநாள் காலை அவரே எங்கள் கொல்லைப்பக்கம் வந்தார். செடிகளைப் பார்ப்பதற்கு முன், வெறுங்கையோடு நடந்து காட்டச் சொன்னார். கால் நன்றாக இருக்கிறது என்று நான் வாயால் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

துவைக்கிற கல்லிலிருந்து குளியலறைச் சுவர் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். எத்தனை பிள்ளைகளைக் கரும்பலகைக்கு வரவழைத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருப்பேன். அவர்களுக்கு எப்படியிருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் என் முட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், நல்லாத்தான் நடக்கற என்றார். கொஞ்சம் ஏமாற்றம் போலவும் இருந்தது.

அதன் பிறகுதான் கருகிய சேம்பைப் பார்த்தார். நிழலில் வளர்ந்ததை இப்படி வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். மரத்தை வெட்டி வெயிலில் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே வீட்டுக்குப் போய், பழைய சேலைகளை ஒரு சுமையாகக் கொண்டுவந்து போட்டார்.

மதில்மேல் ஆணியில் ஒரு முனை, துணிக்கொடியில் ஒரு முனை. நான் அளந்து கட்டினேன். அவர் அவிழ்த்துவிட்டுத் தன் கண்ணளவுக்குக் கட்டினார். அதற்கே ஒரு சிறு சண்டை. டீக்கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று டம்ளர் காபியோடு வந்தார்.

மஞ்சளும் ஊதாவுமாகத் தரையில் நிழல் விழுந்தது. இரண்டு பேரும் வியர்த்துப்போய் அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டோம். காற்று வந்தபோது தலைக்கு மேல் சேலை உப்பி இறங்கியது. வெளுத்துப்போன இஞ்சியைத் தொட்டுப் பார்த்து, இந்த நிழல் இதற்குப் போதுமா அக்கா என்று கேட்டேன்.

அவர் காலை நீட்டிக்கொண்டார். "இஞ்சிக்கு என்னமோ தெரியாது. எனக்குப் போதும்" என்றார்.